முதுகுப் பக்கம் நின்று சொன்ன சொற்கள்

திருப்பதி
9 ஜூலை 2024

அண்ணனுக்கு ரேகா எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஹாஸ்டல் சாப்பாட்டில் காரம் மட்டும் அதிகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அண்ணியும் பிரீத்தியும் சுகமா?

வந்து சேர்ந்த அன்றே எங்கள் செல்போன்களை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள். கோர்ஸ் முடிந்துதான் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசலாம். அப்படித்தான் இந்த ஞாயிறு பேசினேன். நீ என்னவோ சொன்னாய், நான் என்னவோ சொன்னேன், இருவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது போல. அதனால்தான் இந்தக் கடிதம்.

இங்கே இலக்கணம் எல்லாம் கிடையாது. வாரத்துக்கு ஒரு தலைப்பு, அந்தத் தலைப்பில் தினமும் புழங்கும் இங்கிலீஷ் பெயர்ச்சொற்கள், அவ்வளவுதான். இந்த வாரம் சமையலறை. கெட்டில், லேடில், டிராயர், நாப்கின், இன்கிரீடியன்ட். பாடம் எடுப்பவர் யதுகிரி மேடம். கோவிந்தராஜர் கோயில் பக்கத்துத் தெரு. வீட்டுக்காரர் கோயில் கைங்கரியம். மேடம் வாயைத் திறந்து நிதானமாகப் பேசுவார், எனக்கு அது பிடித்திருக்கிறது.

நவம்பரில் பரீட்சை. தேறினால் ஒரு பெரிய ஓட்டலில் ரூம் கேட்டு வரும் போன்களை எடுக்கும் வேலை. நீ கொடுத்த வாக்கை மறந்துவிடாதே. எனக்கு இந்த வேலை கிடைத்தால் பிரீத்தியை என்னோடு அனுப்புவாய், இங்கே ஸ்கூலில் சேர்ப்பேன். பத்து வயதில் தறி ஷெட்டில் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுத ஆரம்பித்தவள் நான். பி.காம். முடித்தும் அங்கேயே நின்றேன். நம் வீட்டில் ஒருத்தி அப்படி வளர்ந்தது போதும்.

பிரீத்திக்குச் சமையலறைச் சொற்களைச் சொல்லிக் கொடு. முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள்.

ரேகா

*

நகரி
16 ஜூலை 2024

ரேகாவுக்கு தாமோதரன்.

இங்கே எல்லோரும் இருக்கிறோம். முதுகு வலியும் இருக்கிறது, முதுகை விட்டு வேறெங்கும் போகவில்லை. உனக்குக் காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் மோர் கேட்டு வாங்கிக் குடி.

போன் பிடிபடாததற்கு நீ கவலைப்படாதே. இந்தத் தெருவில் சிக்னலே சரியில்லை. நூல் வியாபாரி கூப்பிட்டாலும் நான் உன் அண்ணியிடம்தான் கொடுக்கிறேன். கங்கம்மாள் விஜயபுரத்துக் கடலைக் கொல்லையில் வளர்ந்தவள், அவளுக்குப் பொறுமை அதிகம். நீ கடிதமே எழுது. தபால்காரருக்கும் இந்தப் பக்கம் வர ஒரு காரணம் வேண்டுமே.

உன் சொற்களைப் பார்த்தேன். கெட்டிலுக்கும் டிராயருக்கும் நாலு மாதம் ஹாஸ்டலா? இதெல்லாம் நாம் தினமும் பேசுவதுதானே. ஆனால் வாக்கு வாக்குதான். வேலைக் கடிதத்தைக் காட்டு, பிள்ளையை அனுப்புகிறேன். அது வரையில் அவள் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பாள். சாயங்காலம் ஷெட்டில் அவள் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

உன் அண்ணிக்கு நம் வீட்டு ஆட்கள் மேல் பழைய புகார்தான். நேற்றும் சாப்பிடும்போது சொன்னாள்: "அப்பனும் பொண்ணும் எம் மூஞ்சியவே பாத்துக்கினு துன்றீங்களே, எதுனா ஒட்டிக்கினு கீதா?" கட்டி வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம் வழக்கம் அவளுக்குப் புரியவில்லை.

நன்றாகப் படி.

அண்ணன்

*

திருப்பதி
5 ஆகஸ்ட் 2024

அண்ணனுக்கு,

மோர் வாங்கிக் குடிக்கிறேன், வயிறு இப்போது பரவாயில்லை. நீ தைலம் தேய்த்தாயா, அல்லது அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாயா?

பயணம் என்ற தலைப்பு முடிந்தது. லக்கேஜ், காரிடார், டிபார்ச்சர், டெபாசிட், ஸ்டேர்கேஸ். வகுப்பில் நான்தான் முதல் பெஞ்சு. மேடம் ஒரு பொருளைச் சொல்லி முடிக்கும் முன்னே நான் பெயரைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இருக்கும் அக்ஷயா இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள், அவளே என்னைப் பார்த்து எழுதுகிறாள்.

ஆனால் வெள்ளிக்கிழமை முதல் தேர்வு வைத்தார்கள். காதில் ஹெட்போன் மாட்டிவிடுகிறார்கள், யாரோ ஒருவர் போனில் பேசுவது போல் பேசுகிறார். அவர் சொன்ன பொருட்களின் பெயரை எழுத வேண்டும். நான்தான் கடைசி. மேடத்துக்கே நம்ப முடியவில்லை. "கிளாஸ்ல கேட்டா டக்குடக்குன்னு சொல்றே. ஹெட்போனை மாட்டினா பேப்பரை வெள்ளையாக் குடுக்கறே. ஏன்டிம்மா?" என்றார். வார்த்தை இன்னும் மனதில் ஊறவில்லை என்று முடிவு செய்து, தினமும் சாயங்காலம் எனக்கு மட்டும் கூடுதலாகச் சொற்கள் கொடுக்கிறார்.

பிரீத்தி எப்படிப் படிக்கிறாள்? அண்ணியின் இருமல் நின்றதா?

ரேகா

*

நகரி
13 ஆகஸ்ட் 2024

ரேகாவுக்கு,

உன் அண்ணியின் இருமல் நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை. தைலம் தேய்த்தேன்.

ஒரு தேர்வில் தவறினால் என்ன? கூடச் சொற்கள் கொடுத்தார்கள் அல்லவா, அதை உருப்போடு. பாவு சரியாகப் போட்டால் துணி சரியாக வரும்.

பிரீத்தியின் சாமர்த்தியத்தைக் கேள். அவள் ஷெட்டில் அந்தக் கோடித் தறியின் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், நான் இந்தக் கோடி. நடுவில் எட்டுத் தறியும் ஓடுகிறது. நான் உதட்டை அசைத்து 'இன்கிரீடியன்ட்' என்கிறேன், சத்தமே இல்லாமல். அவள் அங்கிருந்து உதட்டை அசைத்து 'மாவு, எண்ணெய், உப்பு' என்கிறாள், சத்தமே இல்லாமல். ஈரோட்டிலிருந்து துணி பார்க்க வந்தவர் அசந்துபோய் நின்றுவிட்டார். "இன்னாங்க இது, மாயமா?" என்று நம் பேச்சிலேயே கேட்டார். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. நம் நைனா சொல்வாரே, "நகரிப் புள்ளைக்கு ரெண்டு காது இல்லடா, நாலு. மேல ரெண்டு கண்ணும் காதுதான்" என்று. இரைச்சலில் கத்திக்கொண்டு தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறவன் தறிக்காரனே இல்லை.

அடுத்த தலைப்பை அனுப்பு. பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்

*

திருப்பதி
11 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, எனக்குச் சளி பிடித்து விட்டது. அங்கே எப்படி?

இத்துடன் உடல்நலம் என்ற தலைப்பில் உள்ள சொற்களை அனுப்பியிருக்கிறேன். சிம்ப்டம், பிரிஸ்கிரிப்ஷன், அலர்ஜி, பேண்டேஜ். பிரீத்திக்கு 'பேண்டேஜ்' ஏற்கெனவே தெரியும், எலும்பு முறிந்து புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்தவள்தானே.

இரண்டாவது தேர்விலும், மூன்றாவதிலும் நான்தான் கடைசி. அண்ணா, எனக்குச் சொற்கள் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஹெட்போனில் குரல் வருகிறது, ஆண் குரலா பெண் குரலா என்றுகூடத் தெரிகிறது. வார்த்தை மட்டும் வருவதில்லை. இட்லி மாவைக் கரைத்து ஊற்றினது போல் எல்லாம் ஒன்றாக ஓடுகிறது. என் மூளைதான் மந்தமோ என்று பயமாக இருக்கிறது. இதை அக்ஷயாவிடம்கூடச் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் நவம்பர் பரீட்சைக்கே உட்கார வைக்க முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ரேகா

*

நகரி
20 செப்டம்பர் 2024

ரேகாவுக்கு,

சளிக்கு மிளகு ரசம் குடி. இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை.

நம் வீட்டில் யாருக்கும் மந்த மூளை கிடையாது, அந்தப் பேச்சை விடு. ஒத்துவரவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டோம். உன் தறியில் வேறு ஆள் போடவில்லை.

ஒரு சந்தோஷமான செய்தி. பிரீத்தி அறுந்த இழையைத் தானே பிடித்து முடிகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டுவிட்டாள், உன்னைப் போல.

அண்ணன்

*

திருப்பதி
7 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

சளி போய்விட்டது. இந்தக் கடிதத்தைத் தறியை நிறுத்திவிட்டு நிதானமாகப் படி.

எனக்கு விட்ட சளி மேடத்துக்குப் பிடித்துக்கொண்டது. போன திங்கட்கிழமை முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தார். வீட்டுச் சாமான்கள் என்ற தலைப்பில் வரிசையாகச் சொற்களைச் சொன்னார், எல்லோரும் எழுதினார்கள். நான் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. ஹெட்போனில் வரும் அதே மாவு.

மேடம் என் வெள்ளைத் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு, குரலை உயர்த்தாமல் அதே சொற்களை மறுபடி சொன்னார். பிளாங்கெட், கர்ட்டன், மேட்ரஸ், பக்கெட். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். மாஸ்க்கை ஏற்றினார், போய்விட்டது. இறக்கினார், வந்துவிட்டது.

"குழந்தே, உனக்கு இங்கிலீஷ் நன்னா வரது. காதுதான் வரலை" என்று சொன்னார். அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றி, காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

சின்ன அறையில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதிலும் மெல்லிய ஓசைகள் போய்விட்டனவாம். எத்தனை வருஷமாகத் தறிச் சத்தத்தில் இருக்கிறாய் என்று டாக்டர் கேட்டார். நான் சொல்லவே இல்லை, அவரே தறி என்றார். நகரி என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறார். போனது திரும்ப வராது, மிஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார். இத்தனை நாள் உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று கேட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

அண்ணா, அவர் கேட்டதைத்தான் நானும் உன்னிடம் கேட்கிறேன். வீட்டில் வேறு யாருக்கு?

ரேகா

*

நகரி
22 அக்டோபர் 2024

ரேகாவுக்கு,

தீபாவளிக்கு வருவாயா மாட்டாயா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள். முறுக்கு சுட்டுவிட்டாள். எனக்கு முதுகு வலி குறைந்திருக்கிறது.

நூல் விலை ஏறிவிட்டது. மூன்றாம் தறியின் மோட்டாரை மாற்றினேன். பிரீத்திக்குப் புதுப் பாவாடை எடுத்தோம், பச்சை.

டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள், மிஷின் விற்க வேண்டுமே. நீ சின்னப் பெண், நாளைக்கு உனக்கு ஓர் இடம் பார்க்க வேண்டும். இந்தப் பேச்சை ஊரில் யாரிடமும் எடுக்காதே. நம் பரம்பரையில் யாருக்கும் காதில் குறை இருந்ததில்லை. நைனா அறுபத்தெட்டு வயது வரை தறி ஓட்டினார், ஒருநாள் டாக்டரிடம் போனதில்லை. கொஞ்சம் பேசாத மனுஷர், அவ்வளவுதான்.

அண்ணன்

*

திருப்பதி
12 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

முறுக்கு வந்தது. அண்ணி கை மணம் அப்படியே இருக்கிறது. உன் முதுகு வலி குறைந்ததில் சந்தோஷம். இனிமேல் நான் முதுகைப் பற்றி விசாரிக்கப் போவதில்லை.

நைனா பேசாத மனுஷர் இல்லை. யோசித்துப் பார். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்துச் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நாம் ஓடிவிடுவோம். எதிரில் போய் நின்றவர்களிடம் அவர் ஒரு நாளும் கோபப்பட்டதில்லை. கடைசிக் காலத்தில் கட்டிலில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாரே, அப்போது நாம் சுற்றி நின்று பேசியது எதுவும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நான் இதை நினைத்து நேற்று நிறைய அழுதேன்.

மேடம் எனக்காகப் பேசி அனுமதி வாங்கினார், பரீட்சைக்கு உட்கார்ந்தேன். ஹெட்போன்தான். முடிவு எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கரண்ட் இல்லாத நாளில், தறிகள் எல்லாம் நின்றிருக்கும்போது, பிரீத்தியைத் திரும்பி நிற்க வைத்து, அவளுக்கு முதுகுப் பக்கம் நின்று நான் முதலில் அனுப்பிய சமையலறைச் சொற்களைச் சொல். சாதாரணக் குரலில் சொல். அவள் திருப்பிச் சொல்கிறாளா என்று பார்த்து எழுது. ஊருக்குத் தெரிய வேண்டாம். எனக்கு மட்டும் எழுது.

ரேகா

*

திருப்பதி
9 டிசம்பர் 2024

அண்ணனுக்கு,

நீ பதில் போடவில்லை. தபால் தொலைந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஆசைதான்.

போன் வேலை கிடைக்கவில்லை. ஆனால் மேடம் விடவில்லை. டாக்டர் சீட்டோடு அந்த ஓட்டல் மேனேஜரிடமே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "இவளை எதிர்ல நிக்கவெச்சு எதை வேணும்னாலும் கேளுங்கோ" என்றார். அவர் கேட்டார், நான் சொன்னேன். போன் எடுக்கும் அறையில் வேண்டாம், முன்பக்கக் கவுண்டரில் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். போன வாரம் சேர்ந்துவிட்டேன். வலது காதில் மிஷின் வைத்திருக்கிறேன். முதல் நாள் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது, திரும்பிப் பார்த்தேன்.

கவுண்டருக்கு வருகிறவர்கள் எல்லோரும் நேராக முகத்தைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்கள். பிளாங்கெட் இல்லை, பக்கெட் உடைந்திருக்கிறது, ரிசீட் கொடு, லக்கேஜ் எங்கே. நாலு மாதம் படித்த அத்தனை சொல்லும் ஒரே நாளில் வந்துவிடுகிறது. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

வேலைக் கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். நீ சொன்ன வாக்குக்கு நான் என் பக்கத்தை முடித்துவிட்டேன். உன் பக்கம் என்ன ஆயிற்று? பிள்ளையின் காது என்ன ஆயிற்று?

என் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் கடிதமே எழுது.

ரேகா

*

நகரி
7 ஜனவரி 2025

ரேகாவுக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதங்கள் இரண்டும் வந்தன. ஒன்றும் தொலையவில்லை. என்னால் எழுத முடியவில்லை.

கரண்ட் இல்லாத நாள் நடுவில் இரண்டு மூன்று வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். நேற்று லைன் வேலை என்று காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். தெரு முழுக்கத் தறி நின்றுவிட்டது. உன் அண்ணி நீ எழுதிய தாளைக் கையில் கொண்டுவந்து கொடுத்து, "இன்னிக்கி எங்கியும் போவாத" என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

பிரீத்தியைக் கொல்லைப்பக்கம் முருங்கை மரத்தைப் பார்த்து நிற்க வைத்தேன். பின்னால் நின்றுகொண்டு 'கெட்டில்' என்றேன். 'கெட்டில்' என்றாள். 'லேடில்' என்றேன். சொன்னாள். நான் பின்னாலேயே தள்ளித் தள்ளிக் கிணற்றடி வரைக்கும் போனேன். டிராயர், நாப்கின், இன்கிரீடியன்ட். எல்லாம் சொன்னாள், ரேகா. ஒன்றும் விடவில்லை. அவள் சொன்னதைக் கங்கம்மாள் எதிரே நின்று எனக்குத் தலையாட்டிக் காட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிட்டது. "நைனா, இப்ப நீ திரும்பிக்கினு நில்லு, நான் சொல்றேன்" என்றாள். சரி என்று நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிளையில் ஓர் அணில் வாலை அடித்து அடித்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே எவ்வளவு அமைதியாக இருக்கிறது, கரண்ட் இல்லாவிட்டால் இப்படித்தான் என்று நினைத்தேன். பிள்ளை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றும் நினைத்தேன்.

அவள் சுற்றிக்கொண்டு எதிரில் வந்தாள். "இன்னா நைனா, அல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேன், நீ ஒண்ணுகூடச் சொல்லலியே?" என்றாள்.

"நைனாவுக்கு அவ்ளோ இங்கிலீஷ் வராதும்மா" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். கங்கம்மாள் நம்பவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள், வெகுநேரம் வெளியே வரவில்லை.

இன்று கொத்தனாரைக் கூப்பிட்டு ஷெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். நான் தெருப் பக்கமாகச் சுற்றிப் போகிறேன். பிரீத்தி இன்று சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து படித்தாள். தறி ஓட்டும்போது இரண்டு தடவை கோடித் தறிப் பக்கம் நிமிர்ந்து பார்த்துவிட்டேன், அங்கே யாரும் இல்லை. பழகிவிடும். ஜூனில் ஸ்கூல் திறந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன். வேலைக் கடிதம் காட்ட வேண்டியதில்லை.

உன் மிஷின் காதில் உறுத்துகிறதா? இரவில் கழற்றி வைத்துவிடலாமா? உன் அண்ணி கேட்கிறாள், நானும்தான் கேட்கிறேன்.

அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று எழுது. போனில் சொல்லாதே, எனக்குக் கேட்காது.

தாமோதரன்